பதினாலு யூனிட், இருபத்தாறு யூனிட்

அக்கா, நான் இருக்கிற வீட்டில் ஹீட்டிங் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். போன ஜனவரியில் இந்த அறைக்கு நான் சரி சொன்னதே அதனால்தான். அலமாரிக் கதவு முழுதாகத் திறக்காது. ஜன்னல் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆனால் சுவரோரம் வெந்நீர் ஓடுகிற ரேடியேட்டர் காலை ஒன்பது மணிக்கும் தொட்டால் சுடும். இந்தப் பார்ன்ஸ்லி ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் காலை ஒன்பது மணிக்கு ரேடியேட்டர் பிணம் மாதிரிக் கிடக்கும். எல்லோரும் டைமர் போட்டு வைத்திருப்பார்கள். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஐந்து மணி நேரம். நடுவில் வீடு காலியாக இருக்கும், எதற்குச் சூடு என்பது கணக்கு.

நான்தான் அந்த நடுவில் இருக்கிறவள். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை முதியோர் இல்லத்தில் வேலை. ஒன்பதிலிருந்து நாலு வரை தூக்கம். சனி, ஞாயிறு இரவு மட்டும் லீவு. இதற்கு முன்னால் இருந்த வீட்டில் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு தூங்கினேன். இரண்டு முறை சளி நெஞ்சில் கட்டியது. மொத்தம் பதினோரு நாள் லீவு. மேனேஜர் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, பிஸ்கட் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். மறுபடி இப்படி லீவு போட்டால் வேலையில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்று அதில் எழுதியிருந்தது. வேலை போனால் விசா போகும். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஆகவே எனக்கு இந்த நாட்டில் இருப்பதும் இல்லாததும் ஒரு ரேடியேட்டரில் நிற்கிறது. வாடகையிலேயே கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்தி என்பதால் நான் ஹீட்டிங் பற்றி வாயே திறப்பதில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் ட்ரெவர். அறுபத்து மூன்று வயது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். காலை ஆறரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்கு வருவார். அவர் மனைவி லொரெய்ன் ஒரு ஸ்கூலில் சமையல் வேலை. மூன்று மணிக்கு வந்துவிடுவார். பக்கத்து வீடும் இந்த வீடும் ஒரே சுவரில் ஒட்டியவை. அதில் லொரெய்னின் அண்ணன் கீத் இருக்கிறார். டயர் கடையில் வேலை, தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் இங்கே சாப்பிட வருவார். வந்தால் ரோஸ்ட் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்ஷயர் புட்டிங் என்று நடுவில் குழி விழுந்த ஒரு மாவுப் பண்டம், அப்புறம் ஹீட்டிங் சண்டை. இந்த வரிசை மாறாது.

ட்ரெவரின் கட்சி, குறைந்த சூட்டில் எப்போதும் ஓடவிட்டால் செலவு குறைவு. ஆறிப்போன வீட்டை மறுபடி சுட வைப்பதில்தான் கேஸ் போகிறது. கீத்தின் கட்சி, தேவைப்படும்போது மட்டும் போட்டால் குறைவு.

"கெட்டில்ல டீக்குத் தண்ணி ஒரு தடவை கொதிக்க வைப்பியா, நாள் பூரா கொதிக்க விடுவியா மாப்ள?" என்பார் கீத்.

"வீடு கெட்டில் இல்ல மச்சான். வீடு பஸ்ஸு. டிசம்பர் மாசம் காலைல ஜில்லுனு கிடக்கிற டீசல் எஞ்சினை நீ ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கியா?"

"நான் டயர் மாத்துறவன். எஞ்சினை அணைச்சிட்டுத்தான் வண்டியைத் தூக்குவேன்."

லொரெய்ன் இதில் ஒரு பக்கமும் பேசமாட்டார். உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்துவார். யார் பேசிக்கொண்டிருக்கிறாரோ அவர் தட்டில் இன்னும் இரண்டு விழும்.

நவம்பர் மூன்றாவது ஞாயிறு கீத் ஒரு வார்த்தை அதிகம் பேசிவிட்டார். இருபது வருஷமா இந்த வீட்டுக் கூரைக்கு மேலே இருக்கிற காக்காய்க்குத்தான் நீ ஹீட்டர் போட்டுட்டிருக்கே என்றார். ட்ரெவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பந்தயம் என்றார். அடுத்த ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டிலிருந்து அதற்கடுத்த ஞாயிறு பன்னிரண்டு வரை ஒரு வாரம். இரண்டு வீட்டிலும் இருபது டிகிரி. இவர் எப்போதும், அவர் டைமரில். கேஸ் மீட்டரில் யாருக்குக் குறைவாக ஓடுகிறதோ அவர் ஜெயித்தவர். தோற்றவர் மார்ச் கடைசி வரை ஜெயித்தவர் வழியில் ஓட்ட வேண்டும்.

மேசைக்குக் குறுக்கே கையைக் குலுக்கிக்கொண்டார்கள். மீட்டரை யார் பார்ப்பது என்றதும் கை நின்றது. ட்ரெவர் பார்த்தால் கீத் நம்பமாட்டார். கீத் பார்த்தால் ட்ரெவர் நம்பமாட்டார். லொரெய்ன் ஒருவருக்கு மனைவி, ஒருவருக்குத் தங்கை, ஆகவே இருவருமே நம்பவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஜெஸ் பாக்கட்டும்," என்றார் கீத். "அவளுக்கு இதுல எந்தப் பக்கமும் இல்ல."

ஜெசிந்தா என்பதை இங்கே யாரும் முழுதாகச் சொல்வதில்லை. நான் தலையாட்டினேன். எனக்கு எந்தப் பக்கமும் இல்லை என்று அந்த மேசையில் எல்லோரும் நம்பினார்கள். ட்ரெவர் தோற்றால் காலை எட்டு மணிக்கு ரேடியேட்டர் அணையும், நான் எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வருவேன். இதை அங்கே யோசித்தது நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டு மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, வாக்குவம் கிளீனருக்கும் கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்கும் பின்னால் இருக்கிறது. பழைய இரும்புப் பெட்டி. புது மீட்டர் வைக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து மூன்று கடிதம் வந்ததாம். அது வேவு பார்க்கும் என்று ட்ரெவர் விடவில்லை. கீத் வீட்டில் காசு போட்டால் ஓடுகிற மீட்டர். கடையில் கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு வந்து செருக வேண்டும். யாருக்கும் கடன் வைப்பது பிடிக்காது என்பார். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் எண் வரும். நான் இரண்டையும் போனில் போட்டோ எடுத்தேன். எடுத்துவிட்டு எண் கலங்கவில்லையே என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடி எடுத்தேன்.

அந்த வாரம் நல்ல குளிர். காலையில் கார் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ட்ரெவர் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கடையிலிருந்து மீனும் சிப்ஸும் வாங்கி வந்தார். அடுப்பும் கேஸ்தானே என்று நான் யோசித்தேன், கேட்கவில்லை. கீத் அந்த வாரம் பூராவும் டயர் கடையிலேயே குளித்தார் என்று லொரெய்ன் சொன்னார். கடையில் குளியலறை கிடையாது என்றும் சொன்னார். நான் என் பங்குக்கு நாலு நிமிஷத்தில் குளித்தேன்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மறுபடி போட்டோ எடுத்தேன். எங்கள் மீட்டர் 7346-லிருந்து 7360. கீத்தின் மீட்டர் 11208-லிருந்து 11234. பதினாலு, இருபத்தாறு. சாப்பாட்டு மேசையில் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள்.

ட்ரெவர் குதிக்கவில்லை. இரண்டாவது யார்க்ஷயர் புட்டிங்கை எடுத்து, அதன் குழியில் கிரேவியை மெதுவாக ஊற்றினார். கீத் என் போனை வாங்கி நாலு போட்டோவையும் பார்த்தார். ஒரு கவரின் பின்பக்கம் மூன்று முறை கழித்துப் பார்த்தார். மூன்று முறையும் அதேதான் வந்தது.

"சரி," என்றார். "எண்ணு எண்ணுதான்."

அன்றைக்கே வீட்டுக்குப் போய் டைமரை எடுத்துவிட்டார்.

அந்த ராத்திரி எனக்கு லீவு. நிம்மதியாக உட்கார்ந்து நம் வீட்டு குரூப்பில் போடலாம் என்று அந்த போட்டோவைத் திறந்தேன். நீ கேட்டிருந்தாயே, ஜெசிந்தா என்னத்துக்குக் கேஸ் மீட்டரை போட்டோ பிடிக்கிறாள் என்று. அனுப்பும் முன்னால் ஓரத்தை வெட்டும்போதுதான் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். எங்கள் மீட்டரில் கன அடி என்று இருந்தது. நூறு கன அடிக்கு ஒரு யூனிட். மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் சொல்வார்களே, அந்த அடி. கீத்தின் மீட்டரில் கன மீட்டர்.

போனில் தேடினேன். பழைய மீட்டர் எல்லாம் அடியில் இருக்குமாம், புதியது எல்லாம் மீட்டரில். எங்கள் ஒரு யூனிட், கீத்தின் இரண்டே முக்கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் மேல். பதினாலை அதால் பெருக்கினால் நாற்பது வருகிறது. நாற்பதுக்கு இருபத்தாறு. ட்ரெவர் தோற்றிருந்தார், அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லை.

போட்டோவை நான் அனுப்பவில்லை. அதனால்தான் உனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை.

திங்கள்கிழமை நாலு மணிக்கு எழுந்து கீழே போனேன். லொரெய்ன் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் போனைக் காட்டிச் சொன்னேன். ஒருத்தரிடம் சொல்லிவிட்டால் பாரம் அவருடையது ஆகிவிடும் என்று ஒரு கணக்கு.

"அடி, மீட்டர் எல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு," என்றார். "ஆனா பேங்க்லேருந்து மாசாமாசம் போறது எவ்வளவுன்னு தெரியும். நான்தான் பாக்கறேன். அவரு கேட்டதும் இல்ல, நான் சொன்னதும் இல்ல."

"அப்ப கீத்?"

"எங்கண்ணன் தாங்குவான், ஒண்டி ஆளு. கிறிஸ்மஸ் போகட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன். நாள் பூரா ஃப்ரீசர் ரூம்ல போய்ப் போய் வர்றேன், இந்த இடுப்புக்கு மூணு மணிக்கு ஒரு சூடு வேணும்." எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். "உனக்கும்தான் வேணும்."

நான் சரி என்றேன். பெரியவர் சொல்கிறாரே என்று இல்லை. அவர் கடைசியில் சொன்னதற்காக.

அக்கா, அதற்கப்புறம் ஐந்து நாள் நான் தூங்கிய மாதிரி இந்த நாட்டுக்கு வந்து தூங்கியதே இல்லை. என் கட்டில் கீத் வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் பகலில் அந்தச் சுவர் ஈரச் சாக்கு மாதிரி இருக்கும், தலையணையை நகர்த்தி வைப்பேன். இப்போது அவர் வீட்டிலும் பகல் முழுக்க ஓடியது. ஒரு பக்கம் எங்கள் ரேடியேட்டர், இன்னொரு பக்கம் கீத்தின் சுவர். முதுகை அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு படுப்பேன். மத்தியானம் ஒரு முறை கூட விழிப்பு வராது. இல்லத்தில் ஒரு பாட்டி என் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது என்றாள்.

புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது முனைக் கடையில் ரொட்டி வாங்கப் போனேன். கீத் வரிசையில் நின்றார், கையில் கேஸ் கார்டு. அவர் கார்டில் பணம் ஏற்றுவது வெள்ளிக்கிழமை மட்டும். அது இந்தத் தெருவுக்கே தெரியும். என்னைப் பார்த்ததும் பால் வாங்க வந்தேன் என்றார். கையில் பால் இல்லை.

சனிக்கிழமை காலையும் நின்றார். கடைக்காரர் கார்டை மெஷினில் செருகிக்கொண்டே கேட்டார்.

"இந்த வாரம் மூணாவது தடவை கீத். வீட்டுக்குள்ள தக்காளிச் செடி வளக்கிறியா?"

"சுவரு சூட்டைக் குடிச்சிட்டிருக்காம். முழுசாக் குடிச்சு முடிச்சதும் செலவு தானாக் குறையுமாம். ட்ரெவர் சொன்னான்."

"எப்ப முடிக்குமாம்?"

"ஜனவரின்னான்."

கடைக்காரர் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தோம். அவர் டயர் கடைக்குப் போகிற வழி, எனக்கு வீட்டுக்கு வருகிற வழி, பாதி தூரம் ஒன்றுதான். தரை வழுக்கியதால் இருவருமே கால்களைப் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

"அந்தச் சுவரு பக்கந்தானே உன் ரூமு?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பகல்ல தூங்கறியே, இப்ப நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்ப சரி," என்றார். "யாருக்காவது உதவுதே."

அன்றைக்கு நான் சுவரை விட்டுத் தள்ளிப் படுத்தேன். தள்ளிப் படுத்தாலும் அறை சூடாகத்தான் இருந்தது. அதை ஒன்றும் செய்ய முடியாது. பதினொன்றுக்கு விழிப்பு வந்தது. ட்ரெவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதன் கடைசியில் பிஸ்கட்டும் கையெழுத்துத் தாளும் இருந்தன. லொரெய்னிடம் கொடுத்த வாக்கு வேறு. கிறிஸ்மஸுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி என்று இருந்த மனுஷன் இப்போது வாரம் மூன்று முறை. அப்படியானால் இன்னும் ஏழு முறை. அந்த ஏழு முறையும் நான் அவர் பின்னால் வரிசையில் நின்று ரொட்டி வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், கீத் ஹீட்டிங் பற்றிப் பேசவே இல்லை. தோற்றவர் பேசக் கூடாது என்று அவராக ஒரு மரியாதை வைத்துக்கொண்டிருந்தார். ட்ரெவருக்கு அது ருசிக்கவில்லை. இரண்டு முறை சீண்டிப் பார்த்தார். வீடு இப்போ எப்படி இருக்கு, சட்டையோடு உட்கார முடியுதா என்றார். முடியுது என்றார் கீத்.

நான் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். தயார் செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"நான் எண்ணை மட்டுந்தான் பாத்தேன்," என்றேன். "பக்கத்துல இருக்கிற எழுத்தைப் பாக்கல. இது அடி. அது மீட்டரு."

ட்ரெவர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் தலையில் இருந்தது, லொரெய்ன் எடுத்து மூக்கில் வைத்தார். வைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. கிறிஸ்மஸ் வரை பொறுக்க முடியவில்லையா என்கிற பார்வை. ட்ரெவர் போனை அருகே பிடித்தார், தூரத்தில் பிடித்தார். பெருக்க வேண்டிய எண்ணைக் கேட்டார், சொன்னேன். கீத் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். கவர் கிடைக்காமல் காகிதக் கைக்குட்டையில் பெருக்கினார். அது கிழிந்தது, மறுபடி பெருக்கினார்.

"நாப்பதுன்னு வெச்சுக்கோ," என்றார்.

ட்ரெவர்தான் ஆரம்பித்தார்.

"நாங்க மூணு பேரு. நீ ஒரு ஆளு. மூணு பேரு குளியலைக் கழிக்கணும்."

"கழிச்சுக்கோ. என் குளியலைக் கூட்டணும்னா கூட்டிக்கோ. டயர் கடைலதான் குளிச்சேன்."

"அங்க எங்க குளிச்சே?"

"வண்டி கழுவுற எடத்துல."

ட்ரெவர் அதை யோசித்துப் பார்த்தார். டிசம்பருக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, வண்டி கழுவுகிற குழாயில். அவர் முகத்தில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. நான் என் நாலு நிமிஷக் குளியலைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அது எங்கள் பக்கத்துக்கு உதவாது என்று விட்டேன். மீன் வாங்கி வந்த மூன்று நாளை யாரும் எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று ட்ரெவர் லொரெய்னைக் கேட்டார்.

"எது? அடியா?"

"பில்லு."

"முப்பத்தி ரெண்டு வருஷத்துல இப்பதான் கேக்கறீங்க," என்றார் லொரெய்ன். எவ்வளவு என்று சொன்னார். கீத் எவ்வளவு போடுகிறார் என்று ட்ரெவர் கேட்டார். அவரும் சொன்னார். ட்ரெவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி தலைக்கு ஏற்றிவிட்டு எழுந்தார்.

"பந்தயம் பந்தயந்தான்."

ரேடியேட்டர்களுக்குத் தண்ணீரைச் சுட வைக்கிற பாய்லர் சமையலறை மூலையில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். முன்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கடிகாரம், அதைச் சுற்றி வட்டமாகக் குட்டிக் குட்டிப் பின்கள். ஒரு பின்னுக்குக் கால் மணி நேரம். உள்ளே தள்ளினால் அந்தக் கால் மணி நேரம் ஓடும், வெளியே இழுத்தால் ஓடாது. இந்த வீட்டில் அதை யாரும் தொட்டதே இல்லை. பின்களுக்கு நடுவில் தூசி கெட்டியாக இருந்தது. லொரெய்ன் ஒரு பழைய பல் தூரிகையால் தேய்த்துவிட்டார். ட்ரெவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.

"நீயே வை மச்சான். உன் வழிதானே."

கீத் எல்லாப் பின்னையும் வெளியே இழுத்துவிட்டுப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தார். அவர் செய்யும் எல்லா வேலையையும் போலவே அதையும் மெதுவாகத்தான் செய்தார்.

"காலைல ஆறுலேருந்து எட்டு. சாயங்காலம் அஞ்சுலேருந்து..."

"நான் மூணுக்கே வந்துருவேன்," என்றார் லொரெய்ன்.

"சரி, மூணு. மூணுலேருந்து ராத்திரி பத்து." தள்ளினார். அப்புறம் நிமிர்ந்தார். "எட்டுலேருந்து மூணு வரைக்கும் வீட்ல யாரு?"

"யாரும் இல்ல," என்றார் ட்ரெவர். அவர் மனதில் எதுவும் இல்லை அக்கா. அவர் ஆறரைக்குப் போகிறவர். நான் வருவதை அவர் பார்த்ததே இல்லை.

"ஜெஸ் இருக்கா," என்றார் லொரெய்ன்.

"அவ தூங்கறா. கம்பளிக்குள்ள இருக்கிறவளுக்கு எதுக்கு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாயில் தயாராக ஒரு வார்த்தை எப்போதும் இருக்கும். அது முந்திக்கொண்டு வந்தது.

"பரவாயில்ல."

கீத் பேனாவைப் பின்னின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"பரவாயில்லையான்னு நான் கேக்கல. ஆள் இருக்கிற நேரத்துக்குப் போடணும், இல்லாத நேரத்துக்கு அணைக்கணும். அவ்வளவுதான் என் கட்சி. குளிருமா, குளிராதா?"

வாடகை, சேர்த்தி, விசா, தாள், எல்லாம் ஒரு சுற்று வந்து போயிற்று.

"குளிரும்," என்றேன்.

"எத்தனை மணிக்கு வர்றே?"

"எட்டே முக்கால்."

"எந்திரிக்கிறது?"

"நாலு."

வரும்போதே சூடு இருக்கணும் என்று கீத் குனிந்து எட்டிலிருந்தே தள்ள ஆரம்பித்தார். எட்டு, எட்டே கால், எட்டரை. ட்ரெவர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இப்ப ஆறுலேருந்து பத்து வரைக்கும் ஒரேயடியா ஓடப் போவுது. இது நான் வெச்சிருந்த மாதிரியேதானேடா?"

"ராத்திரி எட்டு மணி நேரம் இல்ல."

"ராத்திரி?"

"அப்ப நீ கம்பளிக்குள்ள கிடப்பே. இவ அங்க வேலைல நிப்பா. யாருக்குச் சூடு?"

ட்ரெவர் கூரையை ஒரு முறை பார்த்தார். பிறகு காலையில் தரை ஜில்லென்று இருக்கும் என்றார். இருக்கும் என்றார் கீத், செருப்பு வாங்கிப் போட்டுக்கச் சொன்னார். லொரெய்ன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு மணி வந்ததும் கீத் கண்ணைக் கசக்கினார். பின்னெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிகிறது என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

"மிச்சத்தை நீ தள்ளு. உன் நேரந்தானே."

நான் வாங்கிக் குனிந்தேன். பன்னிரண்டே கால், பன்னிரண்டரை. ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது சின்னதாக ஒரு சத்தம் வந்தது. ட்ரெவர் பின்னால் நின்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டரைக்கு வந்ததும் என் கை நின்றது. கடைசி இரண்டு பின்னை விட்டுவிட்டால் ரொம்பக் கேட்டவள் மாதிரி இருக்காது, ரேடியேட்டர் ஆறுவதற்கும் அரை மணி நேரம் ஆகுமே என்று தோன்றியது.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் ட்ரெவர். "இன்னும் ரெண்டு இருக்கு."

இரண்டையும் தள்ளினேன்.